வாடகை வீட்டில் துப்பாக்கிப் பெட்டி: எந்தச் சுவர், எந்த ஆங்கர்?

கேள்வி: ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, வங்கியில் காவலராக வேலை பார்க்கிறேன். லைசென்ஸ் உள்ள 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். குடியாத்தத்தில் சொந்த வீட்டில் இருந்தவரை பீரோவிலேயே பூட்டி வைத்தேன். இப்போது சத்துவாச்சாரியில் இரண்டாவது மாடி ஃபிளாட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். தனி இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரில் பொருத்த வேண்டும். எதைக் கேட்டு வாங்குவது? எப்படிப் பொருத்துவது?

பதில்: சாதாரண பீரோத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பெரிய ஸ்க்ரூ டிரைவரே போதும், கதவு வளைந்துவிடும். வெல்டிங் பட்டறையில் 2 மி.மீ. தகட்டில் செய்யச் சொல்லுங்கள். 30 இஞ்ச் குழல் உள்ள துப்பாக்கி மொத்தம் நான்கடி நீளம் வரும். எனவே உள் உயரம் 1300 மி.மீ., அகலம் 300, ஆழம் 250 என்று கொடுத்தால் தாராளம். கதவு மூடியபின் சுற்றிலும் இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் தெரியக் கூடாது. கீல் பக்கத்தில் சட்டத்துக்குள் நுழையும் இரண்டு முளைகளை வெல்டு செய்யச் சொல்லுங்கள். கீலை அறுத்தாலும் கதவு கையோடு வராது. முதுகுத் தகட்டில் மேலே இரண்டு, கீழே இரண்டு என 12 மி.மீ. ஓட்டைகள் வேண்டும். அவற்றை பெயின்ட் அடிக்கும் முன்பே போட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் துளைத்தால் அந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.

இந்தப் பெட்டி 30 கிலோ சுமாருக்கு வரும். கனமாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், இரண்டு பேர் படியில் இறக்கிக்கொண்டு போய்விடலாம். பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் செலவழிக்கும் கவனத்தில் பாதியைக்கூடப் பலர் பின்சுவருக்குக் கொடுப்பதில்லை.

ஃபிளாட்டில் அறைகளைப் பிரிக்கும் சுவர் பெரும்பாலும் நாலரை இஞ்ச்தான். அதில் 100 மி.மீ. துளைத்தால் அடுத்த அறையில், இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஹாலில் டிரில் பிட் எட்டிப் பார்க்கும். ஒன்பது இஞ்ச் சுவராகப் பாருங்கள். அதிலும் ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் பாத்ரூமை ஒட்டிய சுவரும் வேண்டாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடும். அந்தக் கோட்டைத் தவிருங்கள். மூலை கிடைத்தால் நல்லது: பூட்டுப் பக்கம் மூலைச் சுவரை ஒட்டி வந்தால் கடப்பாரை போட்டு நெம்ப இடம் இருக்காது. தரையில் போல்ட் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். மாடியில் டைல்ஸுக்கு அடியில் நான்கைந்து இஞ்ச் கான்கிரீட் தளம்தான், அதற்குள் கம்பியும் வயர் பைப்பும் இருக்கும். உடைந்த டைல்ஸுக்கு அதே நிறம் கிடைப்பதும் அபூர்வம்.

துளைக்கும்போது தூசியைக் கவனியுங்கள். செங்காவி நிறமாக வந்தால் செங்கல். வெள்ளை மாவாகக் கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது நுண்துளைகள் நிறைந்த லேசான சிமென்ட் கல். பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். பிளாஸ்டிக் ராவல் பிளக் எதிலுமே போதாது. விரியும் ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்கு உரியது. செங்கல்லில் முறுக்கினால் செங்கல் உள்ளேயே பிளந்து, ஒரு மாதத்தில் ஆடும். இங்கே கெமிக்கல் ஆங்கர்தான் சரி: ஓட்டையில் பசை மருந்தை நிரப்பி, அதில் இரும்பு ராடை ஊன்றி இறுகவிடும் முறை. ஹாலோ பிளாக்காக இருந்தால் மருந்து வெற்றிடத்தில் கொட்டிவிடாமல் தாங்கும் வலைக்குழாயும் வேண்டும்.

தேவையானவை: 150 மி.மீ. நீளமுள்ள 10 மி.மீ. திரெட் ராடு (முழுக்க மரை போட்ட கம்பி) நான்கு; பெட்டிக்குள் நட்டுக்கு அடியில் வைக்க 50-க்கு 50 மி.மீ. அளவில், 5 மி.மீ. கனத்தில் இரும்புத் தட்டு நான்கு; நட், ஸ்பிரிங் வாஷர்; 300 மி.லி. கெமிக்கல் டியூப் ஒன்று. டியூபின் காலாவதித் தேதியைப் பாருங்கள். கடையில் வெயில் படும் இடத்தில் கிடந்ததை வாங்காதீர்கள்.

12 மி.மீ. பிட்டால், பூச்சைக் கணக்கில் சேர்க்காமல் செங்கல்லுக்குள் 100 மி.மீ. போக வேண்டும். கலவை இணைப்பில் இல்லாமல் செங்கல்லின் நடுவில் ஓட்டை விழட்டும். பிறகு ஊது, பிரஷ் போடு, மறுபடி ஊது. இதை விட்டால் மருந்து தூசியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. பிடுங்கிக்கொண்டு வரும் ஆங்கர்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். டியூபில் முதலில் வருவது சரியாகக் கலந்திருக்காது, அதை வீசிவிட்டு, ஒரே நிறமாக வரும்போது ஓட்டையின் அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நிரப்புங்கள். ராடைத் திருகியபடியே நுழையுங்கள். வேலூர் வெயிலில் சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும் என்பதால் நான்கு ராடும் கையருகே இருக்கட்டும். டியூபில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை நட்டைத் தொடாதீர்கள்.

சிறிய விஷயம், ஆனால் எல்லோரும் தடுக்கி விழும் இடம்: சுவரடியில் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஒரு செ.மீ. துருத்தி நிற்கும். பெட்டி அதில் இடித்து, மேலே சுவருக்கும் முதுகுக்கும் சந்து விழும். நட்டை முறுக்கினால் தகடு வளையும், சந்தில் கடப்பாரை நுழையும். பெட்டியை ஸ்கர்ட்டிங்குக்கு மேலே வரும்படி ஸ்டாண்டு மீது ஏற்றுங்கள், வீடு துடைக்கும் தண்ணீரும் படாது.

துளை போட வருபவரிடம் பீரோ என்று மட்டும் சொன்னால் போதும். தோட்டாவுக்கு வேறு பூட்டு, வேறு இடம். துப்பாக்கியைத் தோல் உறையோடு உள்ளே வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். முகவரி மாறியதைக் கலெக்டர் அலுவலகத்துக்கும் புதிய பகுதிக் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டு உரிமையாளர் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டேன் என்கிறார். வேறு வழி? (ஆற்காடு வாசகர்)

பதில்: இரட்டைக்குழல் துப்பாக்கியைக் குழல், கட்டை எனக் கழற்றினால் 900 மி.மீ. பெட்டியே போதும். நம் பகுதி வீடுகளில் இருக்கும் கடப்பா கல் ஷெல்ஃபுக்குள் அதைப் படுக்க வைத்து, கல்லின் ஊடே போல்ட் விட்டு, அடியில் இரும்புத் தட்டு வைத்து முறுக்கலாம். ஹாமர் மோடை நிறுத்திவிட்டுத்தான் துளைக்க வேண்டும், இல்லையென்றால் கல் விரியும். சுவரைத் தொடுவதில்லை என்பதால் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அதற்கும் மறுத்தால், ஊருக்குப் போகும் நாட்களிலாவது காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படையுங்கள். ஆயுத விதிகள் இதற்கு இடம் தருகின்றன. ரசீது முக்கியம்.

கேள்வி: வீட்டைக் காலி செய்யும்போது அந்த ராடுகளை எப்படி எடுப்பது?

பதில்: எடுக்க முடியாது, இழுத்தால் செங்கல்லோடுதான் வரும். சுற்றிலும் பூச்சைக் கொஞ்சம் கொத்தி, ஒரு செ.மீ. உள்ளே தள்ளி கிரைண்டரால் அறுத்து, சிமென்ட் கலவையால் மூடுங்கள். காய்ந்தபின் பட்டி பார்த்து பெயின்ட். குடிவரும்போதே பெயின்ட் ஷேடு எண்ணை உரிமையாளரிடம் கேட்டு வைத்திருந்தால் அட்வான்ஸில் பிடித்தம் செய்யக் காரணம் இருக்காது.

கேள்வி: ஆன்லைனில் கைரேகைப் பூட்டுடன் வரும் லாக்கர் வாங்கலாமா?

பதில்: தகட்டின் கனத்தை மில்லிமீட்டரில் போடாத விளம்பரத்தைத் தாண்டிச் செல்லுங்கள். பேட்டரி தீர்ந்தால் திறக்கும் அவசரச் சாவித் துவாரம் பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால்தான் இருக்கும். அந்தப் பூட்டு மட்டமாக இருந்தால் கைரேகையால் பயனில்லை. சொன்ன கனம் இல்லாமல் வந்தால், பெட்டியைச் சுவரில் மாட்டும் முன்பே படம் எடுத்து விற்பனையாளருக்குப் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.