அம்பாசிடரா, ஆல்ட்டோவா: புரோக்கர் சொல்லாமல் விடுவது என்ன?

கேள்வி: நான் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். நான், மனைவி, 76 வயது அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மாதம் ஒரு தடவை திருச்செந்தூர், சீசனில் குற்றாலம், எப்போதாவது கன்னியாகுமரி, வருடத்துக்கு ஒரு முறை செங்கோட்டை வழியாகக் கேரளா. இதற்காக ஒரு கார் வேண்டும். கையில் 3 லட்சம் இருக்கிறது. சிறு வயதிலிருந்தே அம்பாசிடர் மேல் ஆசை. ஒரு புரோக்கர் 1993 டீசல் அம்பாசிடர் ஒன்றைக் காட்டினார். அரசு அலுவலகத்தில் ஓடி ஏலத்தில் வந்ததாம், 1.60 லட்சம் சொல்கிறார். "விண்டேஜ் நம்பரு போட்டுத் தாரேன் அண்ணாச்சி, ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்கிறார். அவரிடமே டி.என். 69 பதிவில் 2020 ஆல்ட்டோ ஒன்றும் இருக்கிறது, 2.85 லட்சம். எதை எடுக்கலாம்? பழைய வண்டி என்று ரோட்டில் பிடித்துக்கொள்வார்களா?

பதில்: முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்று நீங்கள் செய்தியில் கேட்ட தடையெல்லாம் டெல்லி வட்டாரத்தைப் பற்றியது. நம் ஊரில் சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். அந்தத் தேதி தாண்டாமல், காப்பீடும் புகைச் சான்றும் கையில் இருந்தால் யாரும் வண்டியைப் பிடிக்க முடியாது. செலவுதான் ஏறிவிட்டது. 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். அதற்கு மேல் பசுமை வரி தனி.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் சொன்ன பயணங்களுக்கு, நீங்கள் சொன்ன ஆட்களோடு, சின்னக் கார்தான். ஆனால் நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து அந்த ஆல்ட்டோவை வாங்கச் சொல்ல மாட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அம்பாசிடரை ஏன் வேண்டாம் என்கிறேன்? திருச்செந்தூர் ரோடு சமதரை, அங்கே எதுவும் ஓடும். உங்கள் கேரளப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். புளியரை தாண்டி கோட்டைவாசல் வளைவுகளில் ஏறி, ஆரியங்காவு பக்கம் இறங்க வேண்டும். பழைய 1489 சிசி டீசல் எஞ்சின் தருவது ஏறக்குறைய 37 குதிரைத்திறன். ஆல்ட்டோ 796 சிசியில் 48 தருகிறது, அதுவும் அம்பாசிடர் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவே உள்ள வண்டிக்கு. ஏறும்போது முன்னால் ஒரு மர லாரி போனால் அதன் பின்னாலேயேதான் போவீர்கள். அது பரவாயில்லை, மெதுவாகப் போகலாம். இறக்கம்தான் எனக்குக் கவலை. அந்த மாடலில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். வழியெல்லாம் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, பிரேக்கை மிதித்தபடி இருப்பீர்கள், வண்டி நிற்காது. அந்தக் காலத்து டிரைவர்கள் செகண்ட் கியரில் போட்டு எஞ்சினைக் கொண்டே இறக்குவார்கள். உங்களுக்கும் அது தெரியும் என்றால் சரி. அவசரத்துக்கு உங்கள் மனைவியோ மைத்துனரோ ஓட்ட நேர்ந்தால்?

அப்புறம் வெயில். மே மாதம் அம்மாவை ஏசி இல்லாமல் கூட்டிக்கொண்டு போக மாட்டீர்கள். அந்த 37 குதிரையில் ஏசிக்கும் பங்கு கொடுத்தால் மேட்டில் எஞ்சின் திணறும், ரேடியேட்டர் முள் சிவப்புக்குப் போகும். பெட்ரோல் அம்பாசிடர் தேடலாம் என்றும் கிளம்பிவிடாதீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களும் கார்புரேட்டர் வாஷர்களும் அதற்காகச் செய்தவை இல்லை, நாளடைவில் உப்பி, வெடித்து ஒழுகும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். மூட்டு வலிக்காரர்களுக்கு அம்பாசிடரின் பின் சீட் உயரம் சுகம். ஆல்ட்டோவில் குனிந்து, கிட்டத்தட்ட விழுந்துதான் உட்கார வேண்டும். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அம்பாசிடர் அசையாது. ஆல்ட்டோவில் லாரியைத் தாண்டும் நொடியில் ஸ்டீயரிங் கையிலிருந்து இழுக்கும். அங்கே அறுபதுக்கு மேல் போகாதீர்கள்.

இப்போது அந்த "விண்டேஜ் நம்பர்". இதை வைத்து எத்தனை பேரை ஏமாற்றுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மிகப் பழைய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். உங்களுக்குக் காட்டிய 1993 வண்டிக்கு அந்த வயது 2043ல்தான் வரும். புரோக்கர் அதுவரை கடையில் இருப்பாரா? சரி, 1974 வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தாலும், சேசிஸ் என்னும் அடிச்சட்டம், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். பெட்ரோலை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் போட்டது, வேன் எஞ்சினை இறக்கி வைத்தது எல்லாம் தேறுவது கடினம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்றும் விதியில் இருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்து விண்டேஜ் என்று பதிந்துவிட்டால் என்ன கிடைக்கும்? அந்த வண்டியைச் சாதாரணமாக ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, ஆராய்ச்சி, எண்ணெய் போட, பழுது பார்க்க, இவற்றுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். திருச்செந்தூருக்கு அம்மாவை அழைத்துப் போவது இந்தப் பட்டியலில் இல்லை. அதாவது புரோக்கர் சலுகை என்று விற்பது, நீங்கள் எதற்காக வண்டி வாங்குகிறீர்களோ அதையே தடுக்கும். 1993 வண்டிக்குச் சாதாரணப் புதுப்பிப்புதான் வழி. அதில் ஒளித்துச் செய்ய ஒன்றுமில்லை.

"அரசு வண்டி, ஏலத்தில் வந்தது" என்பது இரண்டாவது கொக்கி. கேட்க நன்றாக இருக்கும். ஆர்.சி.யை வாங்கி உரிமையாளர் பெயரைப் பாருங்கள். ஏலம் எடுத்தவர் அப்போதே தன் பெயருக்கு மாற்றியிருந்தால் கவலை இல்லை. இன்னும் துறையின் பெயரிலேயே இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அரசு பெயரில் உள்ள 15 வருடம் கடந்த வண்டிகளுக்குப் பதிவு கிடையாது, அவை உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். அந்த வண்டியை நீங்கள் எந்த அலுவலகத்திலும் உங்கள் பெயருக்குக் கொண்டுவர முடியாது. அப்படியே எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் துணியால் துடைத்துப் பார்த்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். எஞ்சின் மாற்றி, அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்ட அம்பாசிடர்கள் நம் பக்கம் ஏராளம்.

ஆல்ட்டோவுக்கு வருவோம். 2020 என்பது நல்ல வருடம். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயம். அதற்கு முந்தைய சின்னக் கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் குடும்பத்தோடு வெளியூர் போக வாங்காதீர்கள். என்னை உறுத்துவது அந்த டி.என். 69. தூத்துக்குடிப் பதிவு. 2023 டிசம்பர் 17, 18ல் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரை புரண்டது, நெல்லை ஜங்ஷனிலும் வண்டிகள் முங்கின. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டுக் கம்பெனிகள் முழு நஷ்டம் என்று கணக்கு முடித்து, வண்டியை ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். அதை வாங்கிச் சென்றவர்கள் கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி விற்கிறார்கள். வாகன மதிப்பீட்டுத் தொழிலில் இருந்து நான் பார்த்ததில், முங்கிய வண்டி முதல் வருடம் நன்றாகவே ஓடும். அதற்குப் பிறகு ஒயரிங் பச்சை பூத்து, ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, ராத்திரி வல்லநாட்டுப் பக்கம் நிற்கும்.

கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. முன் சீட் பெல்ட்டை முழுவதும் இழுங்கள், கடைசி இரண்டு அடியில் வண்டல் கறை இருக்கிறதா பாருங்கள். பெல்ட் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம்தான். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே மண், டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர் பிளக்குகளில் பச்சைப் பூப்பு, இவற்றையும் பாருங்கள். உள்ளே வாசனை திரவியம் தூக்கலாக அடித்தால் இன்னும் நன்றாகப் பாருங்கள்.

ஒரு தாளும் உண்மை சொல்லும். காப்பீட்டுப் பாலிசியில் "நோ கிளைம் போனஸ்" என்று ஒரு சதவீதம் இருக்கும். கிளைம் எடுக்காமல் போனால் வருடத்துக்கு வருடம் 20, 25, 35, 45, ஐந்தாம் வருடம் 50 என்று ஏறும். ஒரு கிளைம் எடுத்தால் அடுத்த புதுப்பிப்பில் சுழியம். 2020ல் வாங்கிய அதே ஆள் இன்னும் வைத்திருக்கிறார், கிளைமே இல்லை என்றால் 50ஐ எட்டியிருக்க வேண்டும். 20, 25 என்று இருந்தால் எதற்கு கிளைம் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். கை மாறிய வண்டி என்றால் போனஸ் வண்டியோடு வராது, அதனால் முதல் உரிமையாளரின் பழைய பாலிசி நகல்களைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெயர் மாற்றம். புரோக்கர் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவம் 29, 30ஐக் கொடுத்து, "எப்ப வேணாலும் மாத்திக்கிடலாம்" என்பார். அவர் பெயர் எதிலும் வரக் கூடாது என்பதுதான் அதில் அவருக்குள்ள லாபம். முப்பது நாளுக்குள் வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும், காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பாலிசி பழைய பெயரில் இருக்கும்போது வண்டி மோதினால் உங்கள் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. அப்படித் திரும்பிப் போன குடும்பங்களுக்கு நானே அறிக்கை எழுதியிருக்கிறேன்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எல்லாம் ஆன்லைன் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டு, பணத்தை ஆன்லைனில் கட்டி, அதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்பார்கள். வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட்டுக்கு மட்டும் சர்வர் எப்போதும் இருக்கும்! சாதாரண மனிதன் புரோக்கரிடம் போய் விழுவதற்கு அரைக் காரணம் இதுதான். இருந்தாலும் நீங்களே போங்கள். இரண்டு நாள் அலைச்சல், அவ்வளவுதான். வண்டியின் பதிவு, காப்பீடு, வங்கிக் கடன் பாக்கி எல்லாம் அரசின் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே தெரியும். கடன் இருந்தால், அது தீர்ந்தது என்று வங்கி கொடுத்த படிவம் 35 இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

என்ன வாங்கலாம் என்று ஒரு பெயர் சொல்லச் சொன்னால், 2019க்குப் பிந்தைய வாகன்ஆர். உங்கள் 3 லட்சத்தோடு கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும். கூரை உயரம், சீட் உயரம், அம்மா குனியாமல் ஏறலாம். ஐந்து பேரின் துணிமணி டிக்கியில் அடங்கும், ஆல்ட்டோவில் அடங்காது. சி.என்.ஜி. வண்டி வேண்டாம், சிலிண்டரே டிக்கியை அடைத்துக்கொள்ளும். பணம் சேர்க்க முடியாவிட்டால், வெள்ளத்தில் முங்காத ஆல்ட்டோ கே10 பாருங்கள். 998 சிசி, மேட்டில் ஏசியோடு ஏறும்.

அம்பாசிடர் ஆசை விடவில்லை என்றால், இந்தச் சின்னக் காரை வாங்கி இரண்டு வருடம் கழித்து, இரண்டாவது வண்டியாக வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அம்பை வரை, பாபநாசம் வரை ஓட்டலாம். அப்போதும் தனியார் பெயரில் தொடர்ந்து புதுப்பித்து வந்த ஆர்.சி. இருக்கிற வண்டியை மட்டும் பாருங்கள், அதோடு முன் சக்கரங்களுக்கு கிரீஸ் அடிக்கத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அந்தப் புரோக்கரிடம் ஆல்ட்டோவின் முதல் பாலிசி முதல் கடைசிப் பாலிசி வரை நகல் கேளுங்கள். கொடுத்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.