பழைய மசில் காரை வீட்டு கராஜில் சரிசெய்வது: கேள்வி பதில்

டெட்ராய்ட் பக்கத்தில் குடியிருக்கிறேன், மசில் கார் எனப்படும், பெரிய எஞ்சின் போட்ட பழைய அமெரிக்கக் கார்களை வீட்டு கராஜில் சரிசெய்வது என் பொழுதுபோக்கு. நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது இதில் இறங்குகிறார்கள். ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு வண்டி வாங்கிவிடுகிறார்கள், அப்புறம்தான் கேள்வி வருகிறது. வந்தவற்றில் முக்கியமானவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: வண்டியை ஒரே மூச்சில் கழற்றிப் போடாதீர்கள். வீட்டில் ஆரம்பித்துப் பாதியில் நின்ற வேலைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் அப்படித்தான் நின்றன. ஒரு பகுதியைக் கழற்றுங்கள், முடியுங்கள், திரும்ப மாட்டுங்கள், அப்புறம் அடுத்தது.

கேன்டன், மிச்சிகன்: அண்ணா, இது என் முதல் வண்டி. ஃபோர்டு மஸ்டாங்கா, ஷெவர்லே ஷெவெலா, டாட்ஜ் சார்ஜரா? போன்டியாக் ஜிடிஓ மேலும் ஒரு கண் இருக்கிறது.

ஜிடிஓ மேல் கண் இருப்பது நியாயம்தான் தம்பி. 1964-இல் போன்டியாக் டெம்பெஸ்டில் 389 கன அங்குல வி8 எஞ்சினைப் போட்டு இந்த மோகத்தைக் கிளப்பிவிட்ட வண்டி அது. ஆனால் முதல் வண்டிக்கு உதிரிபாகம்தான் முக்கியம். 1965, 66 மஸ்டாங், 1967 முதல் 69 வரையிலான கமேரோ, 1968 முதல் 72 வரையிலான ஷெவெல் இவற்றுக்குக் கதவு ரப்பரிலிருந்து முழுத் தரைத் தகடு வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். மெர்குரி, ப்யூக், ஏஎம்சி என்று போனால் ஒரு சின்ன கிரில் துண்டுக்காகப் பென்சில்வேனியாவின் கார்லைல், ஹெர்ஷியில் நடக்கும் பழைய கார் உதிரிபாகச் சந்தைகளில் அலைய வேண்டும். அந்த அலைச்சலும் ஒரு சுகம்தான், இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். ஷெவெல், ஜிடிஓ இரண்டிலும் அடியில் ஃபிரேம் தனி, மேலே பாடி தனி. மஸ்டாங்கிலும் சார்ஜரிலும் தனி ஃபிரேம் கிடையாது, பாடித் தகடுதான் பாரத்தைத் தாங்குகிறது. அதில் தரைத் தகட்டை மாற்ற வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைக்காவிட்டால் வண்டி வளைந்து, கதவே மூடாமல் போய்விடும். எனக்கு இருப்பதில் ஒன்று ஷெவெல், புதியவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

டிராய், மிச்சிகன்: 1970 ஷெவெல் எஸ்எஸ் 396 என்று ஒருவர் விற்கிறார். பானட்டில் கறுப்புப் பட்டை, கிரில்லில் எஸ்எஸ் எழுத்து எல்லாம் இருக்கிறது. நம்பலாமா?

எஸ்எஸ் என்பது ஷெவெலின் ஸ்போர்ட் வகை, 396 என்பது கன அங்குலத்தில் எஞ்சின் அளவு. எழுத்தையும் பட்டையையும் நம்பி ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள், இரண்டையும் கடையில் வாங்கி ஒட்டலாம். 1966, 67, 68 வண்டிகளில் வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண், 138 என்று ஆரம்பித்தால் அது எஸ்எஸ் 396. 1969-இலிருந்து எஸ்எஸ் என்பது கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஆப்ஷனாக மாறிவிட்டது, அதனால் உங்கள் வண்டியின் வின் எண்ணைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஷெவெலின் சாதாரண வகையான மாலிபுவை எஸ்எஸ் ஆக்கி விற்பது இவ்வளவு நடப்பது இதனால்தான்.

தேட வேண்டியது பில்ட் ஷீட், அதாவது ஆலையில் எந்த வண்டிக்கு எதைப் பொருத்த வேண்டும் என்று அச்சடித்த தாள். பல ஷெவெல்களில் இது பெட்ரோல் டாங்க்கின் மேல்பக்கத்திலும் சீட் ஸ்பிரிங்குக்குள்ளும் கிடைத்திருக்கிறது. டாங்க்கை இறக்கும்போது முதலில் கொஞ்சம் மட்டும் இறக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பேறி, தகட்டோடு ஒட்டிக் கிடக்கும், வெடுக்கென்று இழுத்தால் பொடியாகிவிடும். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்துவிட்டுக் கை வையுங்கள்.

அடுத்தது எஞ்சின் பிளாக். பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் தட்டையாக ஒரு சிறிய இடம் இருக்கும். கிரீஸைத் துணியால் துடைத்தால் எஞ்சின் குறியீடும் வின் எண்ணின் ஒரு பகுதியும் தெரியும். அந்த இடத்தில் முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்க்கோடுகள் ஓட வேண்டும், ஆலையில் மட்டம் செய்தபோது விழுந்தவை. கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தாலோ, சாணை பிடித்த கீறல் தெரிந்தாலோ பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். அந்த இடத்தில் உப்புத்தாள் மட்டும் போட்டுவிடாதீர்கள், உண்மையான அடையாளமும் போய்விடும். அப்புறம், 1970-இல் 396 என்று விற்றது உண்மையில் 402 கன அங்குலம், அளவு பொருந்தவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

ஸ்கார்பரோ, கனடா: அண்ணை, ஒஷாவாவில செய்த ஷெவெல் ஒண்டு பார்த்து வச்சிருக்கிறன். இதுக்குப் பழைய ஆவணம் ஏதும் எடுக்கலாமோ?

எடுக்கலாம் தம்பி, இந்த விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். கனடாவில் விற்ற வண்டிகளின் பதிவு ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் கனடா கிளையான ஜிஎம் கனடாவிடம் இருக்கிறது, வின் எண்ணோடு கட்டணம் கட்டினால் என்னென்ன ஆப்ஷனோடு வந்தது என்று தெரிந்துவிடும். ஒஷாவா ஆலையில் செய்ததா என்பது இதற்குக் கணக்கில்லை, கனடாவில் விற்றதா என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்கு இப்படி ஒரு வழி இல்லை. போன்டியாக் வைத்திருப்பவர்களுக்கு இதே மாதிரி ஆவணம் தரும் பிஹெச்எஸ் இருக்கிறது, 1967 முதல் வந்த ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்ற ஆவணம் இருக்கிறது.

எடிசன், நியூ ஜெர்சி: 1966 மஸ்டாங். துருவே இல்லை என்கிறார், பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

புதுப் பெயின்ட் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சக்கர வளைவு, கதவின் அடி, பின் பக்கத் தகட்டின் கீழ்ப்பகுதி எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆனால் இந்த மஸ்டாங்கின் பெரிய சிக்கல் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. முன் கண்ணாடிக்குக் கீழே, பானட் முடியும் இடத்தில் காற்றுத் துவாரங்கள் இருக்கும். அதன் உள்ளே இலை, குப்பை எல்லாம் விழுந்து ஊறி, ஹீட்டருக்குக் காற்று போகும் வாயைச் சுற்றித் தகடு ஓட்டையாகிவிடும். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரை மெதுவாக அதில் ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பாருங்கள். தண்ணீர் வெளிப்பக்கமாக வண்டிக்கு அடியில் வடிய வேண்டும். கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் ஏராளமான ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து, தகட்டைப் பிரித்து, புதிதாகப் பற்றவைக்கும் வேலை காத்திருக்கிறது. விலையை அதற்கேற்பப் பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கள். தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்கிறாரா, அதுவும் ஒரு பதில்தான்.

நோவை, மிச்சிகன்: வெல்டிங் எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்டு நானே செய்யலாமா, வெளியே கொடுப்பதா?

கற்றுக்கொள்ளுங்கள். வெளியே கொடுத்தால் செலவில் பெரும்பகுதி இதற்கே போகும். கம்பியைத் தானாக ஊட்டிப் பற்றவைக்கும் மிக் வெல்டர், 75 பங்கு ஆர்கான் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு, 0.023 அங்குலக் கம்பி, இது போதும். வாயு இல்லாத ஃப்ளக்ஸ் கம்பியில் ஆரம்பிக்காதீர்கள், மெல்லிய தகட்டை எரித்து ஓட்டை போட்டுவிடும். ஒரே கோடாக இழுத்துப் பற்றவைக்கக் கூடாது. ஒரு பொட்டு வையுங்கள், தள்ளி இன்னொன்று, எதிர்முனையில் மற்றொன்று, சூடு தணிந்தபின் இடையில் நிரப்புங்கள். அவசரப்பட்டால் தகடு சுருண்டு அலையலையாகிவிடும். பழைய தகட்டில் பழகிவிட்டு முதலில் வண்டித் தரையில் செய்யுங்கள், மேலே கம்பளம் வரும் இடம் என்பதால் அழகு குறைந்தாலும் உறுதி இருந்தால் போதும். பெட்ரோல் டாங்க் வண்டியில் இருக்கும்போது வெல்டிங் டார்ச்சைத் தொடவே கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆஸ்டின், டெக்சாஸ்: பல வருடமாக நின்ற கமேரோ, 327 எஞ்சின். பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஸ்பார்க் பிளக் எட்டையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சில நாள் அப்படியே ஊறவிடுங்கள். பிறகு எஞ்சின் முன்பக்கம் கிராங்க் தண்டில் இருக்கும் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டுக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசைந்தால் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள்.

அடுத்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக அதற்கென்றே விற்கும் நீளத் தண்டை இறக்கி, கை ட்ரில்லால் ஆயில் பம்பைச் சுற்றுங்கள். முதலில் ட்ரில் லேசாக ஓடும். திடீரென்று பாரமாகிக் கையை முறுக்கும், ஆயில் அழுத்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம். வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் எல்லாவற்றிலும் ஆயில் கசியும் வரை விடாதீர்கள். இதையெல்லாம் முடித்த பிறகுதான் பேட்டரி. டாங்க்கில் கிடக்கும் பழைய பெட்ரோலைத் தொட வேண்டாம். ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் கால ரப்பரை அரித்துவிடும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுக் கேம் போட்டிருக்கிறேன். முதல் ஓட்டத்தில் கவனிக்க வேண்டியது?

கேம் என்பது வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டு, டேப்பட் அதன் மேல் உரசும் துண்டு. அந்தக் காலத்துத் தட்டை டேப்பட் கேம் என்றால் முதல் இருபது முப்பது நிமிடம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஸ்டார்ட் ஆனவுடனே 2000 ஆர்பிஎம்-க்கு மேல் கொண்டுபோய், 2500 வரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். ஐடிலில் விடாதீர்கள், கேமும் டேப்பட்டும் சந்திக்கும் இடத்துக்கு அப்போது ஆயில் போதாது. துத்தநாகமும் பாஸ்பரசும் கூடுதலாக உள்ள பிரேக்-இன் ஆயில்தான் வேண்டும், புதுக் கார்களுக்கு விற்கும் ஆயிலில் அவற்றைக் குறைத்துவிட்டார்கள். இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருக்கட்டும், மாறி மாறி ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டிருந்தால் கேம் தேய்ந்துவிடும்.

சிகாகோ: 1969 சார்ஜர். வலது பக்கச் சக்கரம் சுலபமாகக் கழன்றது, இடது பக்க நட்டு அசையவே இல்லை. பைப் போட்டு அழுத்தினால் ஒரு போல்ட் முறிந்துவிட்டது.

நிறுத்துங்கள்! சார்ஜர் உள்ளிட்ட கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளில் 1970 வரை இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. நீங்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். போல்ட் முனையில் எல் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் வந்துவிடும்.

டப்ளின், கலிஃபோர்னியா: என் கணவர் ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். எவ்வளவு செலவாகும், எவ்வளவு நாள் இழுக்கும்? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொல்கிறேன் சகோதரி. முழுதாகச் சீர்படுத்த ஆகும் செலவு, பெரும்பாலும் அந்த வண்டி கடைசியில் விற்கும் விலையைவிட அதிகமாகத்தான் வரும். இதை முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டு வார இறுதியில் மட்டும் செய்தால் வருடக்கணக்கில் போகும். இடமும் யோசியுங்கள், பிரித்த வண்டி முழு வண்டியைப் போல இரண்டு மடங்கு இடம் எடுக்கும். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை இருவரும் பேசி ஒதுக்குங்கள், அதைத் தாண்டினால் அந்த மாதம் கழுவித் துடைக்கும் வேலை மட்டும். ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டியை வாங்கச் சொல்லுங்கள். இடையிடையே குடும்பத்தோடு ஒரு சுற்றுப் போய்வர முடிந்தால் அவருக்கும் சலிக்காது, உங்களுக்கும் அது வெறும் இரும்பாகத் தெரியாது.

ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்: பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டுப் ஜிஎம்மின் புது வகை வி8 ஆன எல்எஸ் எஞ்சின் போடலாமா?

ஆலையில் வந்த எஞ்சின் இன்னும் இருக்கும் அசல் ஜிடிஓ, எஸ்எஸ், கிரைஸ்லரின் ஹெமி எஞ்சின் வண்டி என்றால் செய்யாதீர்கள், அப்படிப்பட்டவை மிச்சமிருப்பதே கொஞ்சம். ஆறு சிலிண்டர் மாலிபு, எஞ்சினே இல்லாத வண்டி என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

ராலே, நார்த் கரோலினா: பெயின்ட்டையும் கராஜிலேயே அடித்துவிடலாமா?

தயாரிப்பு வேலை முழுவதையும் நீங்களே செய்யுங்கள், கடைசி ஸ்ப்ரேயை மட்டும் பெயின்ட் பூத் உள்ளவரிடம் கொடுங்கள். இப்போதைய இரண்டு பகுதி யூரித்தேன் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமா வரவழைக்கும். வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாயில் வரும் முகமூடி இல்லாமல் அதை அடிக்கவே கூடாது. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் பிள்ளைகள் மூச்சிலும் போகும். பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது ஈயம், பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், இரண்டுக்கும் நல்ல முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ட்ரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

கொலம்பஸ், ஒஹாயோ: 1965 ஜிடிஓ, வேலை எல்லாம் முடிந்துவிட்டது. முதல் தடவை ரோட்டில் எடுக்கப்போகிறேன் அண்ணா!

வாழ்த்துகள் தம்பி! பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிட்டீர்களா என்று மட்டும் முதலில் சொல்லுங்கள். 1966 வரை வந்த பெரும்பாலான வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே அறைதான், ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். 1967 மாடல் முதல் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை வந்தது, அந்த மாதிரி உங்கள் வண்டிக்கும் பொருந்தும்படி கிடைக்கிறது. அதைப் போடாமல் வெளியே எடுக்காதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கம் டயர் செய்த வாரமும் வருடமும். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முந்தையது, டயர் பட்டன் (தரையில் பதியும் வரிகள்) எவ்வளவு நன்றாக இருந்தாலும் தூக்கிப்போடுங்கள். முதல் நாள் தெருவுக்குள்ளேயே சுற்றுங்கள், வெப்பமானியையும் ஆயில் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், திரும்பி வந்ததும் அடியில் அட்டை விரித்து எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். ஐம்பது மைல் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்கிவிடுங்கள்.