மகன் செய்வதைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது, சிரிக்கலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 8 வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. நன்றாகக் கதைப்பான், ஆனால் சொன்னதைச் சொன்னபடியே எடுப்பான். போன கிழமை முன்வீட்டுச் சாமத்திய வீட்டுக்கு, "ஒருக்காத் தலையைக் காட்டிப்போட்டு ஓடி வா" என்று அனுப்பினேன். வாசலில் நின்று கதவுக்குள் தலையை நீட்டிவிட்டு உண்மையாகவே ஓடி வந்துவிட்டான். நானும் 13 வயது மகளும் கண்ணீர் வருமட்டும் சிரித்தோம். மாமி, "பிள்ளையின்ரை குறையைப் பாத்துச் சிரிக்கிறது பாவம்" என்று ஏசினார். அன்றிலிருந்து மகளின் முகம் வாடியிருக்கிறது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் கேட்ட "அன்பான அடியார்களே, சிறு பிள்ளை ஒன்று தாயைத் தேடுகிறது" என்ற அறிவித்தலையும் வீட்டில் அதே குரலில் அடிக்கடி சொல்கிறான். நாங்கள் ஒருமுறை சிரித்தால் அதையே நாள் முழுக்கத் திருப்பிச் செய்கிறான். கணவர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உறவினர்களின் வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். இரவில் நித்திரையிலும் சிலவேளை சிரிக்கிறான். நாங்கள் சிரிப்பது பிழையா?
- ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அன்பின் சகோதரிக்கு,

சிரியுங்கள். மகளையும் சிரிக்க விடுங்கள். கிளினிக், பேச்சுப் பயிற்சி, பள்ளிக்கூட முறைப்பாடு என்று இறுகிப்போய் ஓடும் வீட்டில் சிரிப்பும் நின்றுவிட்டால் முதலில் களைத்து விழுவது தாய்தான். மாமியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மகன் வெளியே நிற்க, மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கும் வீடாக அது மாறிவிடக் கூடாது. அந்தச் சிரிப்புக்குள் அவனையும் கூட்டி வருவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

முதலில் அந்தத் தலை விஷயம். மகன் நீங்கள் சொன்னதைப் பிசகில்லாமல் செய்திருக்கிறான். தலையைக் காட்டினான், ஓடி வந்தான். மற்றவர்களான நாங்கள் குரல், முகம், இடம் எல்லாவற்றையும் சேர்த்து ஒருவர் என்ன நினைத்துச் சொல்கிறார் என்று ஊகிக்கிறோம். ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகள் சொல்லையே முதலில் நம்புகிறார்கள். எங்கள் பேச்சு இப்படியானவர்களைத் தடுக்கி விழுத்தும் சொற்களால் நிறைந்தது. "பாலைப் பாத்துக்கொள்" என்றால் பொங்கி வழியும்வரை பார்த்துக்கொண்டு நிற்பான். "போட்டு வாறன்" என்று சொல்லிப் போன விருந்தாளிக்காகப் படலையடியில் காத்திருப்பான். "ஒரு நிமிசம் பொறு" என்றால் 60 வரை எண்ணிவிட்டு வந்து நிற்பான். இங்கே பகிடியாக இருப்பது பேச்சுத்தான், பிள்ளை அல்ல. இதை மகளுக்கும் சொல்லுங்கள். அவளுடைய மனம் இலேசாகும்.

ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். கிழமைக்கு ஒரு சொற்றொடர், கூடினால் இரண்டு. இடப்பக்கத்தில் சொல் அப்படியே நடந்தால் எப்படியிருக்கும் என்று மகன் படம் கீறட்டும்: கதவுக்குள் தலை மட்டும். வலப்பக்கத்தில் உண்மையில் என்ன செய்யவேண்டும் என்பதைச் செயல்களாக எழுதுங்கள்: "உள்ளே போவது. வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வது. 10 நிமிடம் இருப்பது. பலகாரம் தந்தால் வாங்குவது. சொல்லிவிட்டு வருவது." விளக்கம் மட்டும் எழுதினால் அடுத்த வீட்டு வாசலில் அது உதவாது, செயல்வரிசை உதவும். படத்தைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம், அவனும் சிரிப்பான். இந்தக் கொப்பி கெட்டுப்போகும் வழி ஒன்று உண்டு. "இதுக்கு என்ன அர்த்தம், சொல்லு பாப்பம்" என்று விருந்தாளிகள் முன் கேட்டால் அது பரீட்சையாகிவிடும், பிறகு தொடமாட்டான். அவன் சொன்னதை நீங்கள் பிழையாக விளங்கிக்கொண்ட சம்பவங்களுக்கும் பக்கம் ஒதுக்குங்கள். மாமியிடம் பழைய சொற்கள் நிறைய இருக்கும். வாயைக் கட்டு, காதைக் கொடு, கையைக் கடிக்குது. கொப்பிக்கு அவரே சொல் எடுத்துத் தரட்டும்.

நீங்கள் சிரிக்கும்போது அவன் "ஏன் சிரிக்கிறீங்கள்?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்பான சிரிப்பையும் கேலிச் சிரிப்பையும் பிரித்தறிவது இப்பிள்ளைகளுக்குக் கடினம். காரணம் தெரியாமல் சிரிக்கப்பட்டு வளர்ந்த பிள்ளை பிறகு எந்தச் சிரிப்பைக் கேட்டாலும் ஒடுங்கிப்போகலாம். நேரான பதில் கொடுங்கள்: "நீ தலையை மட்டும் நீட்டினாய். நான் உள்ளுக்குப் போகச் சொல்லி நினைச்சன். ரெண்டும் வேற வேறயாப் போச்சு, அதாலை சிரிச்சன். நீ பிழை செய்யேல்லை."

ஒலிபெருக்கி அறிவித்தல் வெறும் ஒப்புவிப்பு இல்லை. ஓட்டிசத்தை 1943இல் விரிவாக விவரித்த உளநல வைத்தியர் லியோ கானர், இடத்துக்குப் பொருந்தாததுபோலத் தோன்றும் இத்தகைய பேச்சுக்குப் பிள்ளையின் அனுபவத்தில் ஒரு வேர் இருக்கும் என்று 1946இலேயே எழுதியிருக்கிறார். நீங்கள் கண்ணில் படாத நேரங்களில்தான் மகன் அதைச் சொல்கிறானா என்று சில நாள் கவனியுங்கள். அப்படியானால் அவன் கேட்பது "அம்மா எங்கை?" என்பதே. உடனே பதில் கொடுங்கள்: "அம்மா கிணத்தடியிலை நிக்கிறன்." பிறகு "அம்மா எங்கை எண்டும் கேக்கலாம்" என்று ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள், திருத்தி வதைக்க வேண்டாம். அவன் சந்தோசமாக இருக்கும் நேரத்தில் நீங்களும் அறிவிப்பாளர் குரலில், "தாயார் கிணற்றடியில் காத்திருக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். இருவருக்கும் சொந்தமான பகிடி ஒன்று அங்கே பிறக்கும்.

இப்பிள்ளைகளுக்கு உண்மையான நகைச்சுவை கைவராது என்று 1944இல் ஹான்ஸ் அஸ்பெர்கர் என்ற குழந்தை வைத்தியர் எழுதினார். அது நிலைக்கவில்லை. அவர்களுக்குப் பகிடி உண்டு, எங்களுடையதோடு எப்போதும் ஒத்துப்போகாது, அவ்வளவுதான். தெரிந்த ஒன்றில் ஒரேயொரு மாற்றம் செய்வதில் தொடங்குங்கள். புட்டுக் குழலைத் தொலைபேசிபோலக் காதில் வைத்து "ஹலோ" சொல்லுங்கள். அல்லது அப்பாவின் செருப்பை எடுத்து "இது என்ரை தொப்பி" என்று சொல்லுங்கள். பிறகு 10 விநாடி பேசாமல் அவன் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலானோர் இந்த இடத்தில் அவசரப்பட்டு விளக்கத் தொடங்கிக் கெடுக்கிறார்கள். அவன் "இல்லை, அது செருப்பு!" என்று திருத்துவதுதான் பகிடியில் அவன் பங்கு. முடிவில் "பகிடி!" என்று ஒவ்வொருமுறையும் அதே சொல்லால் முடியுங்கள். அவன் பற்றிக்கொண்டிருக்கும் ஒழுங்குகளில் (சாப்பாட்டுக் கோப்பை, பள்ளிக்கூடம் போகும் பாதை, நித்திரை நேரம்) கை வைக்காதீர்கள். அங்கே மாற்றம் வந்தால் பயம்தான் வரும்.

இதே காரணத்தால் உறவினர்களின் ஒரு பழக்கத்தை நீங்கள் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது", "அம்மா உன்னை விட்டிட்டுப் போயிட்டா" என்று சீண்டுவது. மற்றப் பிள்ளை சிணுங்கிவிட்டு மறந்துபோகும். இவன் அதை உண்மையென்று எடுத்து, கிழமைக்கணக்காக உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரிவான். காரணம் உங்களுக்கே தெரியவராமலும் போகலாம்.

திருப்பித் திருப்பிச் செய்வதற்கு வருவோம். மற்றவர்கள் எப்போது என்ன செய்வார்கள் என்று கணிப்பது அவனுக்குப் பெரும்பாடு. இதைச் செய்தால் இவர்கள் சிரிப்பார்கள் என்று ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் அதை விடுவானா? பொய்ச் சிரிப்பும் எரிச்சலும் உதவாது, எண்ணிக்கை உதவும். விரலைக் காட்டி, "இன்னும் 2 தரம். பிறகு முடிஞ்சுது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பச் செய்யலாம்" என்று சொல்லுங்கள். இரவில் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். முடிந்தது என்ற பிறகு வீட்டில் ஒருவர் சிரித்தாலும் எல்லாம் குழம்பும். இன்னும் கொஞ்சம் முயன்றால் கிடைக்கும் என்று படித்துக்கொள்வான். துப்புதல், உடுப்பைக் கழற்றுதல் போன்றவற்றுக்கு முதல் தரமே சிரிக்கக் கூடாது. அடக்க முடியாவிட்டால் குசினிக்குள் போய்ச் சிரியுங்கள்.

அவன் காதைப் பொத்தி, கையைக் கடித்து, நிலைகுலையும் நேரத்தில் சிரிப்பு வேண்டாம். பதற்றத்தில் அவனே சிரிப்பதும் உண்டு. அதைக் குழப்படி என்று நினைத்து ஏசாதீர்கள்.

வீடியோக்கள் குழுவில் வேண்டாம். குழுவில் போட்டது எந்தப் போனுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மகன் பக்கத்தில் இருக்கும்போது அவனுக்கும் விளங்கும்படி சொல்லக்கூடிய கதையை மட்டும் வெளியே சொல்லலாம். கணவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இவனுக்கு 18 வயது வரேக்கை இதைப் பாத்தால் என்ன நினைப்பான்?"

நித்திரையில் சிரிப்பது பெரும்பாலும் கனவுதான். ஆனால் வலிப்பு நோய் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது, அபூர்வமாக அது சிரிப்பாகவும் வெளிப்படும். ஒவ்வொருமுறையும் ஒரேமாதிரித் திடீரென்று தொடங்கிச் சில விநாடிகளில் நிற்கிறதா, முகத்தில் சந்தோசம் இல்லையா, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லையா, கண் நிலைகுத்துகிறதா, கை கால் வெட்டுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் நேரத்தைக் குறியுங்கள். கணவர் அதை வீடியோ எடுக்கட்டும். மகனைப் பார்க்கும் குழந்தை வைத்திய நிபுணரிடம் அந்த வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்க வேண்டாம்.