நீங்களே பார்த்துப் போடுங்க – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

டோக்கியோ பயணம் பற்றி எழுதியதில், எட்டுப் பேர் மட்டும் உட்காரும் ஒரு சின்ன சுஷிக் கடையில் மதியம் சாப்பிட்டதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் மூன்று வருஷமாக நிஷி கசாயில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. இதுவரை தட்டு சுற்றிவரும் கடைகளைத் தவிர வேறெங்கும் சுஷி சாப்பிட்டதில்லை. 'ஓமகாசே' என்றாலே 50,000 யென் ஆகும் என்று அலுவலகத்தில் பயமுறுத்துகிறார்கள். எனக்கு உறுத்துவது அதுகூட இல்லை. காசையும் கொடுத்துவிட்டு, என்ன சாப்பிடுவது என்கிற முடிவையும் கடைக்காரரிடமே விட்டுவிட்டு, அவர் வைப்பதை வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டுமாம். இது என்ன பவ்யம்?

அக்டோபரில் அப்பா வருகிறார். தூத்துக்குடியில் முப்பது வருஷம் மீன் கமிஷன் வியாபாரம் செய்தவர். மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் பச்சை மீன் சாப்பிடலாமா என்று போனில் கேட்டதும், "ஏலே, நான் என்ன பூனையா?" என்றார். கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. அவரை அப்படி ஒரு கடைக்கு அழைத்துப் போகலாமா?

செ., டோக்கியோ

அன்புள்ள செ.,

அப்பாவிடம் சொல்லுங்கள், இந்த விஷயத்தில் ஜப்பானியர்களும் பூனையைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று எல்லாரும் உயிரை விடும் ஓதோரோ, அதாவது பெரிய சூரை (டியூனா) மீனின் கொழுத்த அடிவயிறு, ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று கழித்துப் போடப்பட்ட பாகம். 'நெகோ மதாகி' என்று அதற்குப் பெயர். பூனைகூடத் தாண்டிப் போய்விடும் என்று அர்த்தம்.

உங்கள் பவ்யக் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஓமகாசே என்றால் 'உங்களிடம் விடுகிறேன்' என்பதுதான். அப்பாவின் கமிஷன் கடைக்கு ஹோட்டல்காரர்கள் காலையில் போன் செய்து, "அண்ணாச்சி, இன்னைக்கு நல்லதா பத்து கிலோ பார்த்துப் போட்டு விடுங்க" என்று சொல்லியிருப்பார்கள் அல்லவா? என்ன மீன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். விடியற்காலையில் ஏலத்தில் நின்றவர் அவர். எது நன்றாக வந்திருக்கிறது, எது விலைக்குத் தகாது என்று அவருக்குத் தெரியும். அப்பா முப்பது வருஷமாக ஓமகாசே கொடுத்துக்கொண்டிருந்தவர். உட்கார்ந்து வாங்கிச் சாப்பிடுவதுதான் அவருக்குப் புதுசு.

சுஷிக் கடையில் மூன்று விதமாகக் கேட்கலாம். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பது ஓகோனோமி. முன்கூட்டியே நிர்ணயித்த செட்டை வாங்குவது ஓகிமாரி. அதிலும் சாதா, உயர்வு, மிக உயர்வு என்று படிகள் உண்டு. மூன்றாவது ஓமகாசே. பலகையில் விலைக்குப் பதிலாக 'அன்றைய விலை' என்று மட்டும் எழுதியிருக்கும் கடையில் ஓகோனோமியாகக் கேட்டுப் பாருங்கள், பில் வரும்வரை வயிறு கலங்கும். சின்னக் கடையின் மதிய ஓமகாசேயில் விலை முதலிலேயே தெரிந்துவிடுகிறது. பர்ஸ் கனமில்லாதவருக்கு இதுதான் தைரியமான வழி.

நான் போன கடை உங்கள் தோசாய் ரயில் தடத்திலேயே, மொன்சென் நகாச்சோவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. எட்டு நாற்காலி. பன்னிரண்டு மணிக்கு ஒரு பந்தி, ஒன்றே காலுக்கு இன்னொன்று. பத்து நிகிரி, அதாவது ஒரு பிடி சோற்றின்மேல் மீன் துண்டு வைத்த சுஷி, சுரைக்காய் வற்றல் வைத்துச் சுருட்டிய ஒரு கன்ப்யோ ரோல், மிசோ சூப். 4,800 யென், நம் காசில் ஏறக்குறைய 3000 ரூபாய். மலிவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் அலுவலகத்துக்காரர்கள் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடையில் ஆள் என்று பார்த்தால் கடைக்காரரும் அவர் மனைவியும் மட்டும்தான். அவர் சுஷி பிடிப்பார். அந்த அம்மா டீ ஊற்றுவார், கணக்கும் பார்ப்பார்.

இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? நாங்கள் 'உங்களிடம் விட்டதால்'தான். எட்டுப் பேருக்கும் ஒரே வரிசையில் ஒரே மீன். காலையில் தொயோசு மீன் சந்தையில் எட்டும் எட்டும் பதினாறு பேருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வாங்கினால் போதும். யாரோ ஒருவர் கேட்பாரோ என்று இருபது வகை வாங்கி வைத்து, ராத்திரி பாதியைக் கொட்ட வேண்டியதில்லை. மீன் தலையும் எலும்பும் சூப்புக்குப் போய்விடுகின்றன. நம்மூர் மெஸ்ஸில் 'இன்னைக்கு என்ன இருக்கோ அது' என்று போடும் சாப்பாடு ஏன் கட்டுப்படியாகிறதோ, அதே கணக்கு.

இன்னொரு காரணம்தான் எனக்குப் பிடித்தது. விலை உயர்ந்த மீனை வாங்க முடியாதவர் அதற்குப் பதிலாகத் தன் கையையும் நேரத்தையும் வைக்கிறார். கொஹாதா என்று ஒரு சின்ன மீன் வந்தது. மத்திக்கு உறவு. வெள்ளித் தோலில் கறுப்புப் புள்ளிகள். முள் அதிகம், குழம்பில் போட்டால் வீட்டில் திட்டு விழும். அதைப் பிளந்து விரித்து, உப்புத் தூவி, கழுவி, வினிகரில் போட்டு எடுத்து, வடியவிட்டு வைக்கிறார்கள். எத்தனை நிமிஷம் உப்பு, எத்தனை நிமிஷம் வினிகர் என்பது மீனின் அளவையும் கொழுப்பையும் அன்றைய வெயிலையும் பொறுத்தது. அவர் அதைப் பிடித்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வலது கை மரத்தொட்டிக்குள் போய் ஒரு பிடி சோற்றோடு வந்தது. இடது கையில் மீன் துண்டு. சுட்டுவிரல் நுனியால் அதன்மேல் வசாபி என்கிற பச்சைக் காரத் துவையல் ஒரு தீற்று. சோற்றை வைத்தார், கட்டைவிரலால் நடுவில் ஒரு சின்னக் குழி, புரட்டினார், இரண்டு விரலால் ஒரு அழுத்து. மொத்தமே நாலைந்து அசைவு. மேலே சோயாவை ஒரு தூரிகைத் தீற்று தீற்றி என் முன்னால் வைத்தார். வைத்த பிறகு அது லேசாக, மூச்சு விட்டதுபோல, கொஞ்சம் கீழே அமர்ந்தது. சோற்றுக்குள் காற்று இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. வாயில் போட்டதும் சோறு தானாகப் பிரிந்தது. புளிப்பும் உப்பும் முன்னால் வந்தன. மீன் வாசனை அப்புறம்தான். என் கணக்கில் அன்றைய சாப்பாட்டிலேயே அதுதான் முதல். நாலாவதாக வந்த சூரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல சூரை எங்கேயும் நன்றாகத்தான் இருக்கும்.

இதே கொஹாதாவைப் பற்றி அப்பாவிடம் ஒரு வியாபாரக் கதை சொல்லுங்கள், ரசிப்பார். குஞ்சாக இருக்கும்போது ஷின்கோ, பிறகு கொஹாதா, பிறகு நகாசுமி, முழுசாக வளர்ந்தால் கொனோஷிரோ என்று வளர வளரப் பெயர் மாறுகிறது. விலை மட்டும் தலைகீழ். விரல் நீளக் குஞ்சு கோடையில் முதன்முதலாகச் சந்தைக்கு வரும்போது கொள்ளை விலை. பெரிய மீனைச் சீந்துவாரில்லை. உலகத்தில் வேறெந்த மீன் ஏலத்திலும் அப்பா இதைப் பார்த்திருக்க மாட்டார்.

இது ஒன்றும் ராஜா வீட்டுச் சாப்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்தபோது, தெருவோரத் தள்ளுவண்டியில் விற்ற பண்டம். இன்றைய நிகிரி வடிவத்தைப் பிரபலமாக்கியவர் என்று ரியோகோகு பகுதியில் கடை வைத்திருந்த ஹனயா யோஹெயைச் சொல்வார்கள். அப்போது ஒவ்வொன்றும் இன்றைக்கு இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிசு. இரண்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். ஐஸ் கிடையாது. அதனால்தான் உப்பு, வினிகர், சோயாவில் ஊறல், வேகவைத்தல் என்று இத்தனை பக்குவங்கள். எடோமே சுஷி என்பதே அந்தப் பக்குவங்கள்தான்.

பத்து என்கிற எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு ரேஷன் கதை இருக்கிறது. போருக்குப் பிறகு 1947இல் உணவுத் தட்டுப்பாட்டால் ஹோட்டல்களை நடத்தவிடாமல் நிறுத்தினார்கள். டோக்கியோ சுஷிக் கடைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 'நாங்கள் ஹோட்டலே இல்லை, கூலிக்குச் செய்து கொடுக்கிறவர்கள்' என்றார்கள். வாடிக்கையாளர் ஒரு கோ அரிசி, அதாவது சுமார் 150 கிராம், கொண்டுவந்து கொடுத்தால், கூலியை வாங்கிக்கொண்டு பத்துத் துண்டு சுஷி தருவார்கள். நாம் ரைஸ் மில்லுக்கு அரிசியைத் தூக்கிக்கொண்டு போய் மாவாகத் திரும்பி வருவோமே, அதே ஏற்பாடு. ஒரு ஆளுக்குப் பத்து என்ற வழக்கம் அதில்தான் நிலைத்தது.

நீங்கள் போகும் சுற்றுத்தட்டுக் கடையையும் நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். 1958இல் இன்றைய ஹிகாஷி ஒசாகாவில் ஷிராயிஷி யோஷியாகி, பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் நகர்ந்து போகும் பட்டையைப் பார்த்து யோசித்து ஆரம்பித்தது அது. குழந்தை குட்டியோடு போக அதைவிட நல்ல இடம் இல்லை.

சரி, அப்பா. அவருடைய சந்தேகம் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, 'பச்சையாகவா' என்பது. பத்தில் எல்லாமே பச்சை இல்லை. எனக்கு வந்ததில் இறாலும் கடல் விலாங்கும் வெந்தவை; முட்டை கடைசியில் வந்தது. மீனில் இருக்கும் அனிசாகிஸ் புழு பற்றி அவர் கேட்டால் மழுப்பாதீர்கள். வசாபியும் வினிகரும் அதைக் கொல்லும் என்பது கட்டுக்கதை. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைந்தால் சாகும். இல்லையென்றால் குடலைச் சீக்கிரம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு துண்டையும் கண்ணால் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். இந்த விலைக் கடையில் சூரை பெரும்பாலும் மைனஸ் 60இல் உறையவைத்துப் பக்குவமாக இளக்கியதாக இருக்கும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, 'இது நேற்றைய மீன்லா' என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிப்பு சரிதான். செவுள் சிவப்பு, கண் தெளிவு, அமுக்கினால் எழும்பும் சதை என்கிற அவருடைய சட்டம் குழம்புக்கு. பாறை மாதிரி விறைத்திருக்கும் வெள்ளைச் சதை மீனில் ருசி இன்னும் இறங்கியிருக்காது. ஒன்றிரண்டு நாள் கிடந்தால்தான் சதைக்குள் ருசிப் பொருள் சேரும். அப்படிக் கிடக்க வேண்டுமென்றால் மீன் துடித்துச் சாகக் கூடாது. மூளையில் ஒரு குத்து, ரத்தத்தை வடித்து, முதுகெலும்பு வழியாகக் கம்பி விட்டு நரம்பை அழிப்பது. இகேஜிமே என்பார்கள். இதை நீங்கள் பாதி விளக்குவதற்குள் அப்பா மீதியைச் சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன்.

மரியாதை முறைகளைப் பற்றி ரொம்ப மிரள வேண்டாம். கையாலேயே சாப்பிடலாம், அப்பாவுக்கு நிம்மதி. சோயா தொட வேண்டியிருந்தால் மீன் பக்கத்தைத் தொடுங்கள். சோற்றைத் தொட்டால் கிண்ணத்துக்குள் உதிர்ந்துவிடும். வைத்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். நான் நோட்டுப் புத்தகத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்ததில், மீன் முட்டை வைத்த துண்டு காத்திருந்து, சுற்றியிருந்த நோரி என்கிற கடற்பாசித் தாள் நமத்துப்போன அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். கைக்கடிகாரத்தையும் போனையும் அந்த மரப்பலகைமேல் வைக்காதீர்கள். தாமதமாகப் போகவே கூடாது, எட்டுப் பேருக்கும் ஒன்றாகத்தான் ஆரம்பிப்பார். அப்பா ஜவ்வாது பூசுகிறவர் என்றால் அன்று ஒருநாள் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். விபூதி தாராளமாக.

சர்க்கரை இருப்பதால் 'ஷாரி சுகுனாமே' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஷாரி என்பது சோறு, குறைத்துப் பிடிப்பார். அதில் வினிகரோடு சர்க்கரையும் இருக்க வாய்ப்புண்டு. பத்து முடிந்ததும் 'இன்னும் ஏதாவது வேண்டுமா' என்று கேட்பார். மதியச் சாப்பாடு திடீரென்று விலையேறுவது அந்த இடத்தில்தான், ஒன்று போதும். அக்டோபர் என்பதால் அந்த ஒன்றாகச் சூரை இனத்திலேயே சின்னதான கட்சுஓவைக் கேளுங்கள். கோடையின் தொடக்கத்தில் வடக்கே போனது இலையுதிர் காலத்தில் கொழுத்துத் திரும்பிவரும் சமயம் அது. பில்லுக்கு 'ஓகைகே' என்றால் போதும். படங்களில் பார்த்துவிட்டு 'ஓஐசோ' என்று சொல்லிவிடாதீர்கள், அது கடைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது. டிப்ஸ் கிடையாது.

கடைக்காரரை 'தைஷோ' என்று கூப்பிடலாம். தளபதி என்று அர்த்தம், ஆனால் உபயோகம் நம் 'அண்ணாச்சி' மாதிரிதான். அப்பா அவரிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி, "இது சந்தையில என்ன விலைக்கு எடுத்தீங்க?" என்பதாகத்தான் இருக்கும். கூச்சப்பட்டு முழுங்கிவிடாமல், அப்பா மீன் வியாபாரத்தில் இருந்தவர் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்படியே மொழிபெயர்த்துக் கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.