துளைகளின் இடைவெளியும் கனிம இருப்புக் கணக்கும்

கேள்வி: நெய்வேலி போன்ற இடங்களில் ஆங்காங்கே துளையிட்டுப் பார்த்துவிட்டு, பூமிக்கடியில் இத்தனை கோடி டன் இருக்கிறது என்கிறார்களே, அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? நெருக்கமாகத் துளையிட்டால் இருப்பு கூடுமா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: நெருக்கமாகத் துளையிடுவதால் மண்ணுக்கடியில் ஒரு டன்கூட ஏறாது; ஏறுவது கணக்கின் உறுதிதான். எளிய முறைப்படி, ஒவ்வொரு துளையில் கண்ட தடிமனையும் அடுத்த துளைக்குப் பாதித் தூரம் வரையுள்ள நிலம் முழுவதற்கும் பொருத்திவிடுகிறார்கள். 400 மீட்டருக்கு ஒன்றாகச் சதுரக் கட்டத்தில் துளையிட்டால், ஒரு துளைக்கு உரிய பரப்பு 1,60,000 சதுர மீட்டர். அத்துளையில் கண்ட தடிமன், அந்தப் பரப்பின் உண்மையான சராசரியைவிட ஒரே ஒரு மீட்டர் கூடுதலாக அமைந்துவிட்டால், பழுப்பு நிலக்கரி கன மீட்டருக்கு 1.2 டன் என்று கொண்டாலும், இல்லாத 1,92,000 டன் ஏட்டில் ஏறிவிடும். இடைவெளி 800 மீட்டரானால் அதே பிழை 7,68,000 டன் ஆகும். ஒரு துளையின் மிகையை மற்றொன்றின் குறை ஓரளவு ஈடுசெய்யும் என்பது உண்மையே. துளைகள் குறையக் குறைய அந்த ஈடும் குறையும்.

எவ்வளவு இடைவெளி போதும் என்பது கனிமத்தின் இயல்பைப் பொறுத்தது. கடலூர் மணற்கல்லுக்கு அடியில் பாய் விரித்தாற்போல் பரந்து கிடக்கும் நெய்வேலிப் படிவின் தடிமன் மெல்ல மெல்லத்தான் மாறுகிறது. கோலாரின் தங்கச் சிரைகளிலோ சில மீட்டருக்குள்ளேயே தங்கத்தின் அளவு தலைகீழாகிவிடும். எனவே நெய்வேலிக்கு ஏற்ற இடைவெளி கோலாருக்கு உதவாது. இரு துளைகளின் மதிப்புகள் எவ்வளவு தூரம் வரை ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருக்கின்றன என்பதை அளந்து கணிக்கும் முறைக்கு, 1951இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களைப் பற்றி எழுதிய டேனி கிரிகே அடித்தளமிட்டார். பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் அதைக் கணிதக் கோட்பாடாக வளர்த்து, அவர் பெயராலேயே 'கிரிகிங்' என்றழைத்தார்.

மதிப்புகள் தொடர்பு கொண்டிருக்கும் அந்தத் தூரத்தின் இரு மடங்கைத் தாண்டிய இடைவெளியில் துளையிட்டால், நடுவிலுள்ள நிலத்தைப் பற்றி எந்தத் துளையும் சான்று சொல்லாது. ஆகவே பரவலாகத் துளையிடும்போதே ஓரிடத்தில் மட்டும் சிலவற்றைச் சிலுவை வடிவில் நெருக்கமாக இட்டு, மாற்றத்தின் வேகத்தை முதலில் அறிந்துகொள்வதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. கண்ணை மூடிக்கொண்டு இடைவெளியைப் பாதியாக்கினால் துளைகள் ஏறத்தாழ நான்கு மடங்காகும், செலவும் அப்படியே. நெய்வேலியில் படிவுக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீர் இருப்பதால், ஒவ்வொரு துளையையும் முறையாக அடைக்கும் பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது.

செய்தியில் டன் கணக்கைப் பார்த்தால், அதில் எவ்வளவு 'நிரூபிக்கப்பட்டது', எவ்வளவு 'ஊகிக்கப்பட்டது' என்று பிரித்துப் பாருங்கள். துளைகள் நெருங்கிய பகுதி முதல் வகையிலும், அரிதாக உள்ள பகுதி இரண்டாம் வகையிலும் இருக்கும்.