22ஆம் நாள் என்ன நடந்தது?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஜனவரி 1 அன்று தீர்மானம் எடுத்துக்கொள்கிறேன். காலை நடை, தினமும் 20 பக்கம் வாசிப்பு, புது மொழி ஒன்று கற்பது, செல்போனைக் குறைப்பது, கோபப்படாமல் இருப்பது. கடந்த ஆண்டு 19 நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டேன். அதோடு சரி, எல்லாம் நின்றுபோனது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. எனக்கு மன உறுதி கிடையாது என்று தெரிந்துவிட்டதால் இந்த ஆண்டு தீர்மானமே வேண்டாம் என்றிருக்கிறேன். நான் நினைப்பது சரிதானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: சரியில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள கணக்கே அதை மறுக்கிறது. 19 நாள் ஏறியிருக்கிறீர்கள், 2 நாள் சறுக்கியிருக்கிறீர்கள். முழம் ஏறிச் சாண் சறுக்கியதைத் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாணுக்கும் காரணம் காய்ச்சல். அதற்கும் மன உறுதிக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் 22ஆம் நாள் காய்ச்சல் இல்லை. அன்று ஏன் நடக்கப் போகவில்லை? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது அந்த ஒரு நாள்தான்.

என் ஊகத்தைச் சொல்கிறேன். ‘ஏற்கெனவே கெட்டுப்போச்சு, இனி அடுத்த மாதம் ஒண்ணாம் தேதி பார்த்துக்கலாம்’ என்று மனம் சொல்லியிருக்கும். இந்தப் பேச்சு உங்களுக்கு மட்டும் உரியதல்ல. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் உணவைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள். பிறகு சுவை பார்க்கச் சொல்லி ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள் குறைவாகத்தானே சாப்பிட வேண்டும்? குடிக்காதவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஒரு முறை உடைந்ததும் மிச்சத்தையும் அவர்களே கைவிட்டார்கள். உங்கள் 22ஆம் நாளும் அப்படிப்பட்டதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் ஐந்து தீர்மானங்களையும் நிறுத்தியது அந்தப் பேச்சு.

தீர்மானத்தில் வென்றவர்கள் சறுக்காதவர்கள் என்று நினைக்கிறீர்களா? 1980களில் அமெரிக்காவில் ஜான் நார்கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாவும் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒரு வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவில் மிஞ்சியவர்கள் 19 சதவீதம். இந்த எண்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள், சொல்லிப் பயமுறுத்துவார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. வெற்றி பெற்றவர்களிலேயே 53 சதவீதம் பேர் ஒரு முறையாவது சறுக்கியிருந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் சறுக்கல்களின் சராசரி 14. பதினான்கு! நீங்கள் முதல் சறுக்கலிலேயே உங்களுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

19 நாளில் பழக்கம் படிந்திருக்க வேண்டும் என்றும் எதிர்பார்த்திருப்பீர்கள். 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்ற பேச்சு 1960இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து பரவியது. நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். காலையில் எழுந்து நடப்பது வேறு விஷயம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை 84 நாள் கவனித்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகிறது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது. மெதுவானவர்களுக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

இதை எனக்கு நாட்குறிப்பு கற்றுக்கொடுத்தது. பல ஆண்டுகள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அதை விட்டுவிடுவேன். காரணம், விட்டுப்போன பக்கங்களை நினைவிலிருந்து நிரப்பி முடிக்காமல் அன்றைய பக்கத்தைத் தொடமாட்டேன். பத்துப் பக்கம் சேர்ந்ததும் நோட்டையே திறக்கப் பிடிக்காது. வெற்றுப் பக்கம் வெற்றாகவே இருக்கட்டும் என்று விட்ட ஆண்டுதான் டிசம்பர் வரை எழுதினேன்.

தீர்மானமே வேண்டாம் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஜனவரி உற்சாகத்தைப் பிரசவ வைராக்கியம் என்று ஒதுக்கத் தேவையில்லை. வாரம், மாதம், ஆண்டு, பிறந்தநாள் ஆகியவை பிறக்கும்போது மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகம் போகிறார்கள் என்று ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2014இல் காட்டினார்கள். புதுத் தொடக்கத்துக்கு உண்மையிலேயே வேகம் உண்டு. ஆண்டுக்கு 52 திங்கட்கிழமைகள் வருகின்றன. உங்களுக்கு மட்டும் ஏன் ஜனவரி 1 மட்டுமே தொடக்கமாக இருக்க வேண்டும்?

பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து அதிகம். ஒன்றோ இரண்டோ போதும். ‘கோபப்படாமல் இருப்பது’ என்பதை முதலில் அடியுங்கள். அது எந்த நேரத்தில், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே இல்லை. 2020இல் வெளியான சுவீடன் ஆய்வில் 1,066 பேர் கலந்துகொண்டார்கள். ஒன்றைச் செய்வேன் என்று தீர்மானித்தவர்களில் 58.9 சதவீதமும், ஒன்றைத் தவிர்ப்பேன் என்றவர்களில் 47.1 சதவீதமும் வென்றதாகச் சொன்னார்கள். செல்போனைக் குறைப்பதும் அப்படித்தான். இரவு படுக்கையில் செல்போன் இருக்கும் இடத்தில் அந்த 20 பக்கத்தை வையுங்கள், இரண்டும் ஒரே தீர்மானமாகிவிடும்.

நடையை எப்போது, எங்கிருந்து தொடங்குவீர்கள் என்று எழுதுங்கள். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்தால் செயல் கைகூடும் வாய்ப்பு கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். நீங்கள் எழுத வேண்டியதில் முக்கியமான வரி இது: ‘இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் பத்து நிமிடம் மட்டும் நடப்பேன்.’ பத்து நிமிடம்தான், அரைமணி வேண்டாம். காய்ச்சல் விட்ட உடம்புக்கு அது போதும். விட்ட நாளுக்குச் சேர்த்து நடக்கவும் வேண்டாம்.

இந்த வரியை இன்றே எழுதி வையுங்கள். காய்ச்சல் இந்த ஆண்டும் வரலாம்.