வாசிப்புக் குழுவுக்கு வயதுக்கேற்ற புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் பக்கக் கணக்கைப் பாருங்கள். மாதம் ஒருமுறை கூடும் பெரியவர்களுக்கு 300 பக்கத்தைத் தாண்டாதீர்கள். தாண்டினால் முடிக்காமல் வருபவர்கள் கூடிவிடுவார்கள். 7–9 வயதுக்கு ஒரே அமர்வில் வாய்விட்டு வாசித்து முடிக்கிற படக்கதை போதும்.

10–12 வயதுக்கு விரல் சோதனை நன்றாக உதவும். நடுவிலிருந்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளை ஒரு விரலை மடக்கட்டும். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பதின்வயதினரிடம் எதையும் திணிக்காதீர்கள். மூன்று புத்தகங்களின் முதல் அத்தியாயத்தை மட்டும் கொடுத்து ஓட்டெடுப்பு நடத்துங்கள்.

எல்லோருக்கும் ஒரேபோலப் பிடித்துவிட்டால் பேச்சு சீக்கிரமே தீர்ந்துவிடும். 'அவள் வீட்டை விட்டுப் போனது சரியா?' என்று குழு இரண்டாகப் பிரிகிற கதைதான் வேண்டும். முதியவர்கள் இருந்தால் பெரிய எழுத்துப் பதிப்போ ஒலிநூலோ கிடைக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.